ரஷ்யச் செப்புக் காசை நோட்டம் பார்த்தல்

பழைய ரஷ்யச் செப்புக் காசு ஒன்றை விற்க நினைப்பவர் முதலில் கேட்பது "இது அசல்தானா?" என்று. அடுத்து "என்ன விலை போகும்?" இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி விட்டுப்போகிறது: இது எந்தக் காசு? பதினெட்டாம் நூற்றாண்டு ரஷ்யாவில் அரசே தன் காசின் மேல் வேறு காசு அடித்தது. பிறகு மனம் மாறி, அடித்ததை மறுபடியும் பழைய காசாக்கியது. சேகரிப்பாளர்கள் கேட்டபோது, காலம் கடந்துபோன காசுகளைப் புதிதாக அச்சிட்டும் கொடுத்தது. போதாக்குறைக்கு, பக்கத்து நாட்டு அரசனும் தன் நாணயச்சாலையில் ரஷ்யக் காசை அடித்தான். இத்தனை நடந்திருக்க, 'அசல்', 'போலி' என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. யார் அடித்தது, எப்போது, எதன் மேல் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தால் மற்றவை பெரும்பாலும் தாமே தெளிந்துவிடும் என்பது என் கட்சி.

அந்த விடைக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியைவிடத் தராசு சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ரஷ்யச் செப்புக் காசு தனித்தனியாக எடை பார்த்து அடிக்கப்பட்டதல்ல. ஒரு பூட் செம்பில் இத்தனை ரூபிள் மதிப்புக்குக் காசு அடிக்க வேண்டும் என்பதுதான் அரசாணை. பூட் என்பது பழைய ரஷ்ய எடை, 16.38 கிலோ. இந்த விகிதம் ஆட்சிக்கு ஆட்சி மாறியது. மாறிய ஆண்டுகள் தெரிந்தால், கையிலிருக்கும் காசின் எடையே அது எந்தக் காலத்தது என்று பாதி சொல்லிவிடும்.

மகா பீட்டர் 1704-இல் செப்புக் கோபெக்கைக் கொண்டுவந்தபோது ஒரு பூட்டுக்கு 20 ரூபிள். அப்படியானால் ஒரு கோபெக் சுமார் 8 கிராம். அதற்கு முன்பும் ஒரு முறை செம்பு புழங்கியிருந்தது. 1655-இல் தொடங்கி, கம்பியை நறுக்கித் தட்டிய அரைக் கிராம் அளவுச் சிறு துண்டுகளை வெள்ளிக் கோபெக்கின் மதிப்பில் புழங்கவிட்டார்கள். விலைவாசி ஏறி, 1662-இல் மாஸ்கோ மக்கள் கலகத்தில் இறங்கினார்கள். மறு ஆண்டே செம்பு நிறுத்தப்பட்டது. அந்தப் பாடம் நெடுநாள் நினைவில் நிற்கவில்லை. 1718-இல் பூட்டுக்கு 40 ரூபிள் என்று ஆக்கினார்கள். 1723 முதல் 1730 வரை அந்த விகிதத்தில் அடித்த ஐந்து கோபெக் காசின் எடை 20.48 கிராம்தான். செம்பின் விலையைப் போலப் பல மடங்கு முகமதிப்பு என்றால் கள்ளக் காசுக்காரனுக்கு வேறு என்ன வேண்டும்? நாட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் அடித்துக் குவித்தார்கள். 1740-களில் அரசு அந்தக் காசின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்தது. 1755-இல் விகிதத்தை ஒரேயடியாக 8 ரூபிளுக்கு இறக்கியபோது ஒரு கோபெக்கின் எடை 20.48 கிராம் ஆயிற்று. பழைய ஐந்து கோபெக்கும் அதே எடை. ஆகவே பழைய காசையே வில்லையாக வைத்து மேலே புது அச்சைக் குத்தினார்கள். ஐந்து, ஒன்றாகிவிட்டது.

1757-இல் எலிசபெத் அரசி விகிதத்தைப் பூட்டுக்கு 16 ரூபிள் என்று நிறுத்தினார். சந்தையில் அதிகம் தென்படும் பெரிய ஐந்து கோபெக் காசு அங்கேதான் பிறக்கிறது. சராசரி 51.2 கிராம், குறுக்களவு 41 முதல் 43 மில்லிமீட்டர். இரண்டாம் கேதரின் ஆட்சி முழுவதும், அலெக்சாண்டர் ஆட்சியில் 1810 வரையிலும் இதே எடைதான். அதன்பின் 1810-இல் 24 ரூபிள், 1830-இல் 36, 1839-இல் மறுபடி 16, 1849 வாக்கில் 32, 1867-இல் 50 என்று விகிதம் ஏறியிறங்கியது. கடைசி விகிதத்தில் ஐந்து கோபெக் 16.38 கிராம், ஒரு கோபெக் 3.28 கிராம். முடியாட்சி போய், 1924-இல் சோவியத் அரசு செப்புக் காசு அடித்தபோதும் அந்த எடையை மாற்றவில்லை. ஐந்து கோபெக்கின் குறுக்களவும் அதே 32 மில்லிமீட்டர். சின்னம் மட்டும் கழுகிலிருந்து அரிவாள் சுத்தியலுக்கு மாறியது.

தராசுக்கும் ஒரு எல்லை உண்டு. எடை, பூட்டின் மொத்தத்துக்குத்தான் கணக்கு என்பதால் தனிக் காசுகளின் எடை தாராளமாகக் கூடும், குறையும். கேதரின் காலத்து ஐந்து கோபெக் 46 கிராம் இருந்தாலும் 57 கிராம் இருந்தாலும் அதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் 30 கிராமில் ஒன்று வந்தால் அதோடு பேச்சு முடிந்தது. தராசு ஒரு காசைத் தள்ளிவிடும். ஏற்றுக்கொள்ளும் வேலை அதனுடையதல்ல.

இனிக் கண்ணால் பார்ப்பது. கேதரின் காலத்து ஐந்து கோபெக்கில் யார் தலையும் இருக்காது. பூவா தலையா போடுகிறவர் திண்டாடிப்போவார். ஒரு பக்கம் இரட்டைத் தலைக் கழுகு; அதன் மார்புக் கேடயத்தில் குதிரைமேல் புனித ஜார்ஜ்; கீழே நாடாவில் மதிப்பு; கழுகின் இருபுறமும் ஒவ்வொரு எழுத்து. மறுபக்கம் இலை வளையத்துக்குள் மணிமுடி சூடிய முதலெழுத்துக் கோலம். அதன் இரு பக்கமும் ஆண்டின் இலக்கங்கள் பிரிந்து நிற்கும். எலிசபெத், கேதரின் இரண்டு பெயருமே ரஷ்ய மொழியில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் கோலத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. 1762 என்ற எல்லைக்கோட்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மகா பீட்டரின் காசுகளில் ஆண்டு எண்ணாக இராமல் சிலாவிக் எழுத்துகளாக இருக்கும். ஆண்டே போடாத காசு என்று அவற்றை ஒதுக்கிவிடுவதும் நடக்கிறது.

கழுகின் இருபுற எழுத்துகள்தான் நாணயச்சாலையின் அடையாளம். ஆங்கில 'இ', 'எம்' போலத் தெரிந்தால் அது ஊரால் மலைப்பகுதியின் யெகாத்தெரின்பர்க். 1725 முதல் 1876 வரை ஓடிய சாலை அது. கேதரின் காலத்துப் பெரிய காசுகளில் மிகுதியும் அங்கே அடித்தவை, விலையும் அதற்கேற்பத்தான் இருக்கும். இரண்டும் 'எம்' என்றால் மாஸ்கோ. 'ஏ', 'எம்' என்றால் ஆனின்ஸ்க். 'கே', 'எம்' என்றால் சைபீரியாவின் கொலிவான் பகுதிச் சுசூன். 'டி', 'எம்' என்றால் கிரிமியாவின் ஃபியதோசியா. 1783-இல் கிரிமியாவைச் சேர்த்துக்கொண்ட பெருமைக்காகத் தொடங்கிய சாலை. 1787, 1788 என்ற இரண்டு ஆண்டுகளோடு சரி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தடுக்கி விழும் இடம் 'சி' வடிவ எழுத்து. அது ரஷ்ய மொழியில் 'எஸ்' ஒலி. 'சி', 'எம்' என்று தெரிவது 1760-களில் செஸ்த்ரோரெட்ஸ்க். 1831-க்குப் பின் அதே எழுத்துகள் சுசூனைக் குறிக்கும். எழுத்தை ஆண்டோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். ஊர் மாறினால் விலை பல மடங்கு மாறும் என்பதால், ஒரு எழுத்தைச் சுரண்டி இன்னொன்றாகச் செதுக்கும் ஆசை எழுவதும் இங்கேதான். அந்த எழுத்தையும் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் பத்து மடங்கு கண்ணாடியில் பார்க்க வேண்டும். செதுக்கிய எழுத்தைச் சுற்றியுள்ள தளம் மட்டும் பள்ளமாகவோ, வேறு நிறமாகவோ, உளியோடிய கோடுகளுடனோ இருக்கும்.

கண்ணாடியை எடுத்தவுடன் பலரைத் திகைக்க வைப்பது வேறொன்று. முதலெழுத்துக் கோலத்துக்கு அடியில் சம்பந்தமில்லாத கோடுகள் தெரியும். இலை வளையத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கொடிக்கம்பம் போகும். மணிமுடிக்குக் கீழே பீப்பாய் மாதிரி ஒரு வளைவு, அதன்மேல் குறுக்குக் கயிறுகளின் தடம். அது முரசு. 1762-இல் சில மாதங்களே ஆண்ட மூன்றாம் பீட்டர், பூட்டுக்கு 32 ரூபிள் என்று விகிதத்தை இரட்டிப்பாக்கி, எலிசபெத்தின் ஐந்து கோபெக் மேல் முரசும் கொடிகளுமாகப் பத்துக் கோபெக் அடித்தார். கணவரைக் கவிழ்த்துவிட்டு அரியணை ஏறிய கேதரின் பழைய விகிதத்துக்குத் திரும்பி, அந்தப் பத்தை மறுபடி ஐந்தாக அடித்தார். ஆக ஒரே வில்லையில் மூன்று ஆட்சிகளின் அச்சு. விவரம் தெரியாதவர் இதைக் கோளாறு என்று நினைத்துக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார். உண்மையில் இந்த அடித்தடம் காசுக்குப் பெரிய சாட்சி. தாறுமாறாக, காசுக்குக் காசு வேறு கோணத்தில் விழும் பழைய அச்சின் மிச்சத்தைப் போலி செய்கிறவர் கற்பனை செய்து உண்டாக்குவது கடினம். அசல் காசிலிருந்து வார்ப்பு எடுத்தால் தடமும் கூடவே வரும்தான். அப்போது அதே கோணத்தில் அதே தடம் உள்ள இன்னொரு காசு எங்காவது தலைகாட்டும். ஒரே தடம் இரண்டு காசில் இருந்தால் இரண்டில் ஒன்றாவது போலி.

இந்தக் கூத்து மறுபடியும் நடந்தது. கேதரினின் கடைசி ஆண்டான 1796-இல் மீண்டும் 32 ரூபிள் விகிதம், மீண்டும் ஐந்தைப் பத்தாக்கும் வேலை. அந்த நவம்பரில் அவர் இறந்ததும் மகன் பால், தாயின் திட்டத்தை ரத்து செய்து, பத்தைத் திரும்ப ஐந்தாக அடிக்கச் சொன்னார். அதற்காகப் புதிய அச்சுகள் செய்யப்படவில்லை. கேதரின் பெயரும் பழைய ஆண்டுகளும் கொண்ட அச்சுகளே புழக்கத்துக்கு வந்தன. அதனால் 1793 என்று ஆண்டு போட்ட காசின் அடியில் 1796 என்ற இலக்கங்கள் எட்டிப்பார்க்கும். காசின் முகத்தில் உள்ள ஆண்டு அது அடிக்கப்பட்ட ஆண்டல்ல. 'அசலா' என்ற ஒற்றைக் கேள்வி இங்கே உதவாது: காசு அசல், ஆண்டு பொய், பொய் சொன்னது அரசாங்கம்.

சுவீடன் கதை இன்னும் ருசியானது. 1788 முதல் 1790 வரை நடந்த ரஷ்யப் போரின்போது, மூன்றாம் குஸ்தாவ் மன்னர் ஆவெஸ்டா நாணயச்சாலையில் ரஷ்ய ஐந்து கோபெக்குகளை அடிக்கவைத்தார். 1787 என்ற ஆண்டு, யெகாத்தெரின்பர்க் எழுத்துகள், நல்ல சுவீடன் செம்பு. ஒன்றில் மட்டும் கைப்பழக்கம் காட்டிக்கொடுத்துவிட்டது: முதலெழுத்துக் கோலத்தின் மேல் ரஷ்யப் பேரரசின் முடிக்குப் பதிலாகச் சுவீடன் அரச முடியின் வடிவம் வந்து உட்கார்ந்துகொண்டது. சந்தேகமில்லாமல் கள்ளக் காசு. ஆனால் அதே ஆண்டின் சாதாரண யெகாத்தெரின்பர்க் காசைவிட இன்று இதற்கே விலை அதிகம். 1787 காசு வைத்திருப்பவர் வேறு எதையும் பார்க்கும் முன் அந்த முடியைப் பார்த்துவிடுவது நல்லது.

அரசே மேலடித்த காசு, அயல் அரசன் அடித்த காசு இவற்றை அடுத்த மூன்றாவது வகை, நாணயச்சாலையே பிற்காலத்தில் அச்சிட்டுக் கொடுத்த மறு அடிப்புகள். ரஷ்யச் சேகரிப்பாளர்கள் இவற்றை 'நவதெல்' என்பார்கள். பிரபுக்களும் பெரிய சேகரிப்பாளர்களும் கேட்டால், பழைய அச்சைக் கொண்டோ அதைப் பார்த்துப் புதிதாகச் செய்த அச்சைக் கொண்டோ அபூர்வக் காசுகளை அடித்துத் தந்தார்கள். எழுத்துகள் கூர்மையாக, விளிம்பு நேராக, புழங்கிய தேய்மானமே இல்லாமல் இருக்கும்; சிலவற்றில் எடையும் விளிம்புக் கோலமும் மூலக் காசோடு ஒத்துப்போகாது. இந்த வழக்கம் 1890-இல் நின்றதற்குக் காரணம் ஜார்ஜி மிகைலோவிச் இளவரசர். பேரரசுக் காலக் காசுகளை ஆட்சிவாரியாக ஆவணங்களோடு தொகுத்துப் பல தொகுதிகள் வெளியிட்டவர். 1919 ஜனவரியில் பீட்டர்-பால் கோட்டையில் போல்ஷெவிக்குகளால் சுட்டுக்கொல்லப்பட்டார். செப்புக் காசுக்கு மட்டும் என்று பார்த்தால் பிரெக்கே 1977-இல் வெளியிட்ட பட்டியல் கைக்கு அடக்கமானது. உஸ்தேனிகோவ், பிட்கின் பட்டியல்கள் அபூர்வத்தின் அளவையும் அச்சு வேறுபாடுகளையும் நுணுக்கமாகத் தருகின்றன. ஏலக் குறிப்புகளில் பெயரும் எண்ணுமாக வருவது பெரும்பாலும் இவைதான். உலக நாணயங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டிய தடித்த பட்டியல்கள் அறிமுகத்துக்குச் சரி, ரஷ்யச் செம்பின் அச்சு வேறுபாடுகளுக்கு அவை போதாது.

மேலே சொன்ன மூன்று வகையும் வரலாறு. வீட்டுக்கு வரும் காசு பெரும்பாலும் நான்காம் வகையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது: நேற்று செய்த நகல். மாஸ்கோவின் இஸ்மாயிலவோ சந்தையில் நினைவுப் பொருளாக விற்பவை இருக்கின்றன. அசல் என்றே சொல்லி விற்கச் செய்தவையும் இருக்கின்றன. அதிகம் நகலெடுக்கப்படுபவை பார்த்தவுடன் வாய்பிளக்க வைக்கும் காசுகள். 1725 முதல் 1727 வரை யெகாத்தெரின்பர்க்கில் அடித்த சதுரச் செப்புத் தகடுகளில் ரூபிள் தகடு மட்டும் 1.6 கிலோ. 1770-களின் தொடக்கத்தில் செஸ்த்ரோரெட்ஸ்கில் சோதனையாக அடித்த செப்பு ரூபிள் ஏறக்குறைய ஒரு கிலோ. கொலிவான் செம்பில் அடித்த சைபீரியக் காசுகள், இரண்டு சேபிள் விலங்குகள் கேடயம் பிடிக்கும் அழகால் எல்லோரையும் கவரும். அந்தச் செம்பில் கலந்திருந்த சிறிதளவு வெள்ளியையும் தங்கத்தையும் அன்றைய முறையில் லாபகரமாகப் பிரிக்க முடியாததால், அதற்கென்று 25 ரூபிள் விகிதம் வைத்து, சைபீரியாவுக்குள் மட்டும் செல்லும்படி 1781 வரை அடித்தார்கள். பத்துக் கோபெக் சுமார் 65 கிராம். செப்பு ரூபிள் ஒன்று வீட்டுப் பெட்டியில் கிடைத்தது என்று யாராவது சொன்னால் அது நகல் என்றே வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கலாம். அதனால் நஷ்டம் வருவது அபூர்வம்.

நகலைக் கண்டுபிடிக்க விளிம்பை முதலில் பார்க்கச் சொல்வேன். கேதரின் காலப் பெரிய காசுகளின் விளிம்பில் பெரும்பாலும் வலைப்பின்னல் கோலம் இருக்கும். பிற்பகுதிக் காசுகளில் கயிறு முறுக்கினாற்போல் இருக்கும். இரண்டு பாதி அச்சில் ஊற்றிய வார்ப்பு என்றால் விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடு ஓடும், அல்லது அதை அராவித் தேய்த்த தடம் இருக்கும். தளத்தில் குண்டூசி முனை அளவுக் காற்றுக்குழிகள், எழுத்தின் ஓரங்களில் உருகிய சோப்புத் தன்மை ஆகியவையும் வார்ப்பின் குணங்கள். அச்சால் அடித்த காசில் எழுத்து தளத்திலிருந்து செங்குத்தாக எழும், உலோகம் வெளிநோக்கி இழுபட்ட நுண்ணிய கோடுகள் தெரியும். காந்தம் ஒட்டினால் அது செம்பே இல்லை.

உலோகம் எதுவென்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு வழி உண்டு. நகைத் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, நூலில் கட்டிய காசை அடியில் தொடாமல் முழுக இறக்க வேண்டும். 51.2 கிராம் செம்புக் காசு என்றால் தராசு 5.7, 5.8 காட்டும். ஆறைத் தாண்டினால் பித்தளைக் கலப்பு என்று சந்தேகிக்கலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால், தங்கத்தின் மாற்றுப் பார்க்க நகைக்கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ்-கதிர் கருவியே செம்பையும் பார்க்கும். துத்தநாகம் சில விழுக்காடு காட்டினால் பழைய காசு அல்ல. ஈயம், ஆர்செனிக், வெள்ளி எதுவுமே துளிக்கூட இல்லாமல் அப்பழுக்கற்ற செம்பு என்று வந்தாலும் யோசிக்க வேண்டும். மின்பகுப்பு முறையில் செம்பைத் தூய்மையாக்குவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. ஒரு எச்சரிக்கை: இந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும். களிம்பேறிய இடத்தில் வைத்து எடுத்த அளவைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

களிம்பு என்றதும் நம் வீடுகளில் கை தானாகப் புளியைத் தேடும். குத்துவிளக்குக்கும் செப்புக் குடத்துக்கும் அது சரி. காசுக்கு அது சாவு. இருநூறு ஆண்டுகளில் படிந்த சாக்லேட் நிறத் தோல் ஐந்து நிமிடத்தில் போய், உரித்த இளஞ்சிவப்பு வெளியே வரும். அசல் என்று நிரூபிக்கும் சாட்சியும் விலையில் பெரும் பங்கும் அந்தத் தோலோடு போய்விடும். தூசு இருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து மென்துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கெட்டியான கரும்பச்சைப் படிவம் கெடுதல் செய்யாது. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து மீண்டும் மீண்டும் பூத்தால் அது குளோரைடு நோய். அதற்கு மட்டும் பயிற்சி பெற்றவரின் சிகிச்சை வேண்டும்.

சான்றிதழ் வாங்கலாமா? பன்னாட்டுத் தரமதிப்பு நிறுவனங்கள் காசைப் பார்த்து, எண்ணிட்ட பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. அபூர்வ நாணயச்சாலைக் காசுக்கும் தேய்மானமில்லாத காசுக்கும் அந்தச் செலவு திரும்பி வரும். தேய்ந்த யெகாத்தெரின்பர்க் ஐந்து கோபெக்குக்கு அனுப்பினால், அனுப்பும் செலவே காசின் விலையைத் தாண்டிவிடலாம். உறையையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால், வாங்குகிறவர் எண்ணை நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட்டே பார்ப்பார். சாதாரணக் காசுக்கு விற்பவரின் நேர்மையான விவரமே சான்றிதழாகப் போதும்: ஆண்டு, நாணயச்சாலை எழுத்து, இரண்டாம் தசமம் வரை எடை, குறுக்களவு, கழுவப்பட்டதா இல்லையா, அடித்தடம் இருக்கிறதா. படம் மூன்று வேண்டும், மூன்றாவது விளிம்பின் படம். விளிம்பைக் காட்டாத விற்பனையை விவரமறிந்தவர் தொடமாட்டார். 'அபூர்வம்' என்ற சொல்லை எழுதாமல் இருப்பது இன்னும் நல்லது. அது வாங்குகிறவர் முடிவு செய்ய வேண்டியது.

விற்கும் இடத்தைப் பொறுத்தும் நிலைமை மாறும். இந்தக் காசுகளுக்கு ஆர்வமான சந்தை ரஷ்யாவிலேயே இருக்கிறது. ஆனால் 2022 மார்ச்சுக்குப் பிறகு விசா, மாஸ்டர்கார்டு போன்றவை அங்கே இயங்காததால் பணம் வந்து சேர்வதே பெரும்பாடு. சட்டமும் இரு பக்கமும் உண்டு. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பண்பாட்டுப் பொருள்களை ரஷ்யாவிலிருந்து வெளியே எடுத்துச் செல்வதை அந்நாட்டின் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சந்தையில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையம் போகிறவர் மாட்டிக்கொள்வது இதில்தான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயத்தைத் தொல்பொருள் என்கிறது. இந்திய நாணயமாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விற்பனையைத் தொழிலாகச் செய்பவர் உரிமம் பெற வேண்டும். ஆகவே தமிழ்நாட்டில் இருக்கும் கேதரின் காசை அயல்நாட்டு ஏலத்துக்குத் தபாலில் போடுவதற்கு முன் தொல்லியல் துறையிடம் கேட்டுவிட வேண்டும். உள்நாட்டில் விற்பதே சிக்கல் குறைந்த வழி. சோவியத் காலத்துச் செம்புக்கு இந்தத் தொல்லை இல்லை என்று முன்பு சொல்ல முடிந்தது. 1924 என்று ஆண்டு போட்ட காசுகள் இப்போது நூறைத் தாண்டிவிட்டதால் அதுவும் இனிச் செல்லாது.